நீல ரோஜாவும் இப்னுல் அவ்வாமும்

அந்தலூஸ் முஸ்லிம்கள் நீல ரோஜாவை வளர்த்தார்கள் என்று பெருமிதத்தோடு சொல்லப்படுவதுண்டு. அதற்குச் சான்றாகக் காட்டப்படுவது, இஷ்பீலியா நகரத்து அறிஞர் இப்னுல் அவ்வாம் எழுதிய ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்னும் வேளாண்மை நூல். இக்கூற்றில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை ஆராய்வோம்.

கி.பி. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்று செவில் எனப்படும் அந்நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், அருகிலிருந்த ஷரஃப் மேட்டு நிலத்தில் தாமே பயிரிட்டுப் பார்த்தவர். அவரது நூல் 585 தாவரங்களைப் பற்றிப் பேசுகிறது. முன்னோர் கூற்றுகளை, சொன்னவர் பெயரைக் குறித்தே எடுத்தாளுகிறார். பன்முறை சோதித்துச் சரியெனக் கண்டாலன்றித் தம் சொந்தக் கருத்து எதையும் எழுதவில்லை என்று முன்னுரையில் உறுதி கூறுகிறார். இந்நூலின் அரபு மூலம், ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் 1802இல் மாட்ரிட் நகரில் அச்சேறியது.

ரோஜாவின் நிறங்களைச் சொல்லுமிடத்தில் சிவப்பு, வெள்ளை ஆகியவற்றோடு மஞ்சளையும் வானின் நீலத்தையும் அவர் குறிப்பிடுகிறார். நீலம் பெறும் வழியும் அங்கே உண்டு: வேரின் பட்டைக்குள் சாயத்தை வைக்க வேண்டும். ஆக, நூல் காட்டுவது சாயமேற்றும் முறையே. நீலமாகவே பூக்கும் புதிய இனத்தை உருவாக்கிய வரலாறு அன்று.

இம்முறை முற்றிலும் ஆதாரமற்றது என்றும் தள்ளிவிட முடியாது. காயப்பட்ட வேரின் வழியே சாயம் நீரோடு மேலேறக்கூடும். பூ வணிகர்கள் இன்றும் வெள்ளை ரோஜாவின் காம்பைச் சாய நீரில் நிறுத்தித்தான் நீல ரோஜா விற்கிறார்கள். ஆனால் சாயம் செடியின் இயல்பை மாற்றாது. அதன் கிளையை வெட்டி நட்டால் தாய்ச்செடியின் பழைய நிறமே பூக்கும்.

நீலம் ஏன் இயலவில்லை? பல நீல மலர்களுக்கு நிறம் தரும் டெல்ஃபினிடின் என்னும் நிறமியை ஆக்கும் மரபணு ரோஜாவிடம் இல்லை. ரோஜாவை ரோஜாவோடு எத்தனை முறை கலந்தாலும் இல்லாதது வந்துவிடாது. ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரிஜீன் நிறுவனமும் பான்சி என்னும் பூச்செடியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய ரோஜா 2004இல் அறிவிக்கப்பட்டு, 2009இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் நிறமும் தூய நீலமன்று, இளம் ஊதாவே.

மஞ்சளின் கதை வேறு. மேற்காசியாவில் மஞ்சள் ரோஜா இயற்கையாகவே பூக்கிறது. ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களிலோ ஆழ்ந்த மஞ்சள் நெடுங்காலம் இல்லை. பாரசீகத்தின் அடுக்கு மஞ்சள் ரோஜா 1830களில் இங்கிலாந்துக்குச் சென்றது. பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் பெர்னே-டூஷே அதைத் தோட்ட ரோஜாவோடு கலக்கப் பல ஆண்டுகள் முயன்று, 1900இல் ‘சொலேய் தோர்’ என்னும் இனத்தை வெளியிட்டார். இன்றைய மஞ்சள் தோட்ட ரோஜாக்களில் மிகப் பெரும்பாலானவை அவ்வழி வந்தவை. இலைகளில் கரும்புள்ளி நோய்க்கு எளிதில் ஆளாகும் தன்மையும் பாரசீக மூதாதையிடமிருந்தே அவற்றுக்கு வந்தது.

ஒரே நூலின் ஒரே பகுதியில் மஞ்சளைப் பற்றிய செய்தி இயற்கையோடு பொருந்துகிறது. நீலத்தைப் பற்றியது சாயத்தோடு நின்றுவிடுகிறது. எனவே முழுவதையும் ஏற்பதும் முறையன்று, முழுவதையும் மறுப்பதும் முறையன்று. ஹதீஸ் கலை பயில வரும் மாணவனுக்கு, ‘இதைச் சொன்னவர் யார்? யாரிடமிருந்து பெற்றார்?’ என்று கேட்கவே நாம் முதலில் கற்பிக்கிறோம். நம் பெருமைகளைப் பேசும்போது மட்டும் அக்கேள்வியை மறந்துவிடுவது ஏன்?

முன்னோர் சொல்லாததை அவர்கள் மீது ஏற்றிக் கூறுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது. அது பொய்யென்று தெரியவரும் நாளில், அவர்கள் மெய்யாகவே ஆற்றிய பணியும் ஐயத்துக்கு உள்ளாகும். தாம் சோதித்ததையும் பிறரிடம் பெற்றதையும் பிரித்துக் காட்ட முனைந்த இப்னுல் அவ்வாமின் நேர்மை நீல ரோஜாவினும் அரியது. அதைப் பின்பற்றுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.