ஜாம் பாட்டில் இருந்தா போதும்... மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் ரெடி! ஆனா இதைக் கவனிங்க

காலி ஜாம், ஊறுகாய் பாட்டில்களில் கடல் கண்ணாடி ஒட்டி அழகான மெழுகுவர்த்தி ஸ்டாண்ட் செய்யலாம். ஏற்காட்டில் இருப்பவர்கள் கடல் கண்ணாடிக்கு எங்கே போவது?

கடல் கண்ணாடின்னா என்ன?
கடலில் விழுந்த பாட்டில் துண்டுகள் பல ஆண்டுகள் அலையிலும் மணலிலும் உருண்டு, முனை மழுங்கி, பனி படர்ந்தது போல மங்கிவிடும். அதுதான் கடல் கண்ணாடி. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காட்டில் ஏரி உண்டு, அலை கிடையாது. அங்கே கிடக்கும் பாட்டில் துண்டு கையைக் கிழித்துவிடும். அதை எடுக்கவே வேண்டாம். மீன் தொட்டியில் போடும் மழுங்கிய கண்ணாடிக் கற்களே போதும்.

எப்படிச் செய்வது?
* பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்து லேபிளை உரித்து, நன்றாகக் காயவிடுங்கள்.
* கற்களை வெளிப்பக்கம் மட்டும் சிலிக்கான் பசையால் ஒட்டி, ஒரு நாள் காயவிடுங்கள்.
* உள்ளே ஒரு அங்குலம் உலர்ந்த மணல் போட்டு, நடுவில் சின்ன மெழுகுவர்த்தி வையுங்கள்.

உஷார்!
சுடர் ஒரு பக்கம் பட்டால் கண்ணாடி சமமில்லாமல் விரிந்து வெடிக்கலாம். விரிசல் விட்ட பாட்டில் வேண்டாம். எரியும்போது மூடி போடாதீங்க, சூட்டில் தண்ணீர் ஊற்றாதீங்க.

பாட்டிலை ஏன் வீசக்கூடாது?
காட்டில் உடையும் பாட்டில் யானையின் காலையே பதம் பார்க்கும். அதனால்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டில்களைத் திரும்ப வாங்கும் திட்டம் வந்தது. கூடுதலாக வாங்கும் 10 ரூபாய், பாட்டிலைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.