சாயவேரும் ஒரு பாதிரியாரின் கடிதமும்

இம்பூறல் என்றால் சித்த வைத்தியம் பார்த்தவர்களுக்குத் தெரியும். இருமலில் இரத்தம் வந்தால் கொடுப்பார்கள். மணற்பாங்கான நிலத்தில் வளரும் சின்னஞ்சிறு செடி, வெள்ளைப் பூ. இதன் மெல்லிய நீண்ட வேர்தான் சாயவேர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பூத்துணிகளின் சிவப்பு, இந்த வேர் தந்தது.

வேரை இடித்துத் துணியோடு கொதிக்கவிட்டால் போதும் என்று நினைப்போம். போதாது. அந்தச் சாயம் சலவைக்கு நிற்காது. முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து உலர்த்துவார்கள். மேலே தீட்டுவது ஊறிப் பரவாமல் பாலின் கொழுப்பு தடுக்கும். பிறகு படிகார நீரால் பூவும் கொடியும் வரைவார்கள். படிகாரத்துக்கு நிறம் கிடையாது. எங்கே தீட்டினோம் என்று தெரிய, கொஞ்சம் சப்பங்கி மரச் சாயம் சேர்ப்பார்கள். அதன்பின் சாயவேரில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல் நிறம், ஆட்டுச் சாண நீரிலும் வெயிலிலும் வெளுத்துவிடும். கறுப்புக்கு, புளித்த கஞ்சியில் ஊறிய இரும்பு. கடுக்காயோடு சேர்ந்ததும் அது கறுத்துவிடும். ஆக, இரகசியம் வேரில் மட்டும் இல்லை.

இதையெல்லாம் 1742இல் பிரான்சுக்கு எழுதி அனுப்பியவர் கெர்தூ என்ற இயேசு சபைப் பாதிரியார். சமஸ்கிருதத்துக்கும் இலத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னாளில் எடுத்துச் சொன்னாரே, அவரேதான். மதம் மாறியவர்களில் சாயத் தொழில் தெரிந்தவர்களைத் தனித்தனியாக விசாரித்து, அவர்கள் சொன்னதை ஒப்பிட்டு எழுதினார். நம் துணிகளின் மோகம் தாங்காமல் பிரான்ஸ் 1686 முதல் 1759 வரை அவற்றுக்குத் தடை போட்டிருந்த காலம் அது. தடை நீங்கிய மறு வருடமே ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ஃப் துணி அச்சடிக்கத் தொடங்கினார்.

பாதிரியார் ஒளிக்கவில்லை, கேட்டுத்தான் எழுதினார். ஆனாலும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. கெர்தூவின் பெயர் வரலாற்றில் நின்றது. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் வெறும் 'மதம் மாறியவர்கள்'.

1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் இருவரும் அலிசாரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சாயவேரில் சிவப்பு தருவதும் அதே அலிசாரின்தான். மலிவான பொடி வந்தபின், விரல் நீளத்துக்கு மேல் மணலைத் தோண்டி வேர் சேர்க்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

கடுக்காயும் படிகாரமும் நாட்டுமருந்துக் கடையில் இன்றும் கிடைக்கின்றன. சாயவேர் என்று கேட்டால் கடைக்காரர் விழிப்பார். இம்பூறல் என்று சொன்னால் பொடியை எடுத்துத் தருவார், இருமலுக்கு.