சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன்தான் ஒரே வழியா? மருந்திலேயே கரையும் கல்லும் இருக்கு!

வத்திராயிருப்பு, மகாராஜபுரம் பக்கம் நாள் முழுக்க வெயிலில் தோப்பு வேலை. கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். வியர்வை அதிகம் போய் சிறுநீர் கெட்டியாகும்போதுதான் கல் உருவாகுது. ஸ்கேனில் 'கல்' என்று வந்தால் உடனே ஆபரேஷன் பயம் வேண்டாம். அது எந்த வகைக் கல் என்று முதலில் கேளுங்க.

யூரிக் அமிலக் கல் ஏன் வேற?

சிறுநீரின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே இருந்தால் யூரிக் அமிலம் கரையாமல் படிந்து கல்லாகும். அமிலத்தன்மையைக் குறைத்தால் அதே கல் திரும்பக் கரையும். அதிகம் பேருக்கு வரும் கால்சியம் கல்லுக்கு இந்த வசதி கிடையாது. சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்களுக்கு இந்தக் கல் வரும் வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் யூரிக் ஆசிட் நார்மல் என்று வந்தாலும் இது இருக்கலாம்!

சாதாரண எக்ஸ்ரேயில் இந்தக் கல் பெரும்பாலும் தெரியாது. அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் வேண்டும். சிறுநீரில் கல் வெளியே வந்தால் தூக்கிப் போடாதீங்க, பரிசோதனைக்குக் கொடுங்க.

என்ன சிகிச்சை?

பொட்டாசியம் சிட்ரேட் சிரப் அல்லது மாத்திரைதான் முக்கிய மருந்து. பி.எச். அளவை 6.5-லிருந்து 7-க்குள் வைக்க வேண்டும். 7-ஐத் தாண்டினால் வேறு வகைக் கல் படியலாம். அதனால் பட்டைக் காகிதத்தில் அடிக்கடி அளவு பார்க்கச் சொல்வாங்க. கரைய சில வாரம் முதல் சில மாதம் ஆகும். வலி நின்னதும் மருந்தை நிறுத்துறதுதான் பலர் செய்யும் தப்பு.

கடையில் நீங்களே வாங்கிக் குடிக்காதீங்க. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், சில பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். அலோபுரினால் மாத்திரை எல்லோருக்கும் தேவையில்லை. யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களுக்கே அது.

தினமும் இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கணும். ஈரல், குடல், நெத்திலியைக் குறைக்கணும். பீர் குடித்தால் கல் கரையும் என்பது தப்பு, யூரிக் அமிலம்தான் கூடும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், மருந்துக்கு அது மாற்று இல்லை.

எப்போது காத்திருக்கக் கூடாது?

குளிர் காய்ச்சலோடு வலி, சிறுநீர் அடைப்பு, நிற்காத வாந்தி, அல்லது ஒரே சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. முதலில் டியூப் வைத்து அடைப்பை எடுப்பாங்க. 2 செ.மீ-க்கு மேல் பெரிய கல்லுக்கு முதுகு வழியாகத் துளை போட்டு எடுக்கும் சிகிச்சையும் தேவைப்படலாம். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகும்போது பழைய ஸ்கேன் ரிப்போர்ட், முதல்வர் காப்பீட்டு அட்டை இரண்டையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.