முடக்கப்பட்ட தளத்தை ஓடைவழி வாசிப்பது

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டது. 2007 ஜூனில் தமிழ்நெற் தளமும் இலங்கையில் முடக்கப்பட்டது. குடாநாட்டுக்குள் செய்தி வரும் வழி இன்னும் ஒடுங்கியது. செய்தியோடை என்றால் என்னவென்று அன்று எங்களில் பலருக்குத் தெரியாது.

தளமொன்றில் புதிதாக ஏறுவதை ஆர்.எஸ்.எஸ். ஓடை அறிவிக்கும், ஓடைவாசிப்பான் பல தளங்களின் ஓடைகளை ஓரிடத்தில் திரட்டித் தரும். ஃபீட்லி, இனோரீடர் போன்றவை வெளிநாட்டிலுள்ள தங்கள் சேவையகம் மூலம் ஓடையை எடுப்பதால், இங்குள்ள இணைய நிறுவனங்கள் தளத்தை முடக்கினாலும் செய்தி வந்துசேரும். கைபேசியே நேரடியாக ஓடையை எடுக்கும் செயலிகளில் இது சரிவராது. தளமும் முழுச் செய்தியை ஓடையில் விடவேண்டும். தலைப்போடு இரண்டு வரி மட்டும் விடும் நம் தளங்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

2013 ஜூலை 1 கூகிள் ரீடர் மூடப்பட்டபின் நானும் முகநூலோடு நின்றுவிட்டேன். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டபோதுதான் ஓடைக்குத் திரும்பினேன்.

இப்போது காணி விடுவிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி எழுதும் தளங்களின் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கி, வலி. வடக்கிலுள்ள உறவினருக்கும் கனடாவிலுள்ள சித்திக்கும் அனுப்புகிறேன். பெரும்பாலான வாசிப்பான்களில் அதை ஒரேயடியாக ஏற்றலாம். தளம் முடங்கியபின் அதன் ஓடை முகவரியைத் தேடி எடுப்பது கடினம். முன்பே சேர்த்து வையுங்கள்.