நலங்கிலிருந்து டிஜே வரை

நம் உறவில் ஒரு திருமண வரவேற்பு. டிஜே வைத்து ஆடுவது நம் வழக்கமா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகள் முகம் வாடிப்போய் நிற்கிறார்கள். இரு தரப்பும் கொஞ்சம் வரலாறு கேளுங்கள்.

சத்தம் புதிதல்ல. தாலி ஏறும்போது தும்மலோ அபசகுனச் சொல்லோ காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம்! கேலியும் புதிதல்ல. நலங்கில் மணமக்கள் தேங்காய் உருட்டுவார்கள், ஒருவர் தலையில் மற்றவர் அப்பளம் உடைப்பார்கள். பெண்கள் சம்பந்தி வீட்டாரைக் கிண்டலடித்துப் பாடுவார்கள். மாமியாரும் தப்ப முடியாது. ஆட்டமா? கும்மி அறியாத ஊரா நம்முடையது?

1961-இல் பாசமலர் வந்தது. மணப்பெண்ணைத் தோழி அழைக்கும் பாட்டு, விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசை. எல்.ஆர்.ஈஸ்வரிக்குப் பெயர் வாங்கித் தந்ததே அதுதான். நலங்குப் பாட்டின் குறும்பு அப்படியே அதில் இருக்கும். பிறகு குழாய் ஒலிபெருக்கி கட்டிய கல்யாண வீடெல்லாம் அந்த இசைத்தட்டுதான்.

ஆகவே டிஜே தம்பி முதலில் அதைப் போடட்டும், பாட்டிமார் தாமே எழுந்து வருவார்கள். கில்லி (2004) குத்துப்பாட்டு அடுத்து வரட்டும், எனக்கும் பிடிக்கும். ஒரே நிபந்தனை: நாதஸ்வரக்காரர் வாசித்து முடிக்கும்வரை அந்தப் பெட்டியைத் திறக்கக்கூடாது. பாதி ராகத்தில் அவரை நிறுத்தச் சொல்வதை நம் வீட்டில் நான் அனுமதிக்க மாட்டேன்.