லினக்ஸ் கைக்கடிகாரம்

திறந்தமூல இயங்குதளத்தில் ஓடிய தொடக்ககாலத் திறன்கடிகாரம். அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆய்வுமையத்தைச் சேர்ந்த சந்திரா நாராயணசுவாமி, எம்.டி. இரகுநாத் முதலானோர் யப்பானியப் பொறியியலாளர்களுடன் சேர்ந்து உருவாக்கிய இது 2000 ஆகஸ்டில் அறிமுகமானது. வெறும் 8 மெகாபைட் நினைவகத்தில் லினக்ஸும் எக்ஸ்11 சாளர அமைப்பும் ஓடின. அக்காலத்துக்கு அது சின்ன வேலையல்ல.

உண்மையான சிக்கல் மின்கலம். இதன் ஓலெட் வடிவத்தின் திரையில் கறுப்புப் புள்ளி ஒளிர்வதில்லை, மின்சாரமும் குடிப்பதில்லை. ஆகவே கடிகார முகப்பைக் கறுப்புப் பின்னணியில், மெல்லிய கோடுகளால், மிகச் சில புள்ளிகள் மட்டும் ஒளிரும்படி வரைந்தார்கள். இன்றைய ஓலெட் திறன்கடிகாரங்கள் பலவும் அதையே செய்கின்றன.

2001இல் ஐ.பி.எம். சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய, புளூடூத், கைரேகை உணரி கொண்ட 'வாட்ச்பேட்' வந்தது, ஆனால் கடைக்கு வரவில்லை.

இப்போது திறந்தமூலக் கடிகார மென்பொருள்களில் 2018இல் முதல் நிலையான பதிப்பு கண்ட ஆஸ்டிராய்டுஓஎஸ், பைன்டைம் கடிகாரத்துக்கான இன்ஃபினிடைம் ஆகியன குறிப்பிடத்தக்கவை. ஆஸ்டிராய்டுஓஎஸ் எல்லாக் கடிகாரத்திலும் ஏறாது. நிறுவ விரும்புவோர் தம் மாதிரி ஆதரவுப் பட்டியலில் உண்டா என்று பார்த்த பின்பே பூட்லோடரின் (இயங்குதளத்தைத் தொடக்கும் நிரலின்) பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளிருக்கும் தரவு அழிந்துவிடும்.