சித்திரமும் வாசகமும்: ஒனோரே டோமியேயின் கலைத்தொழில்

கலை யாருக்காக என்ற வினா நம்மிடையே எழும்போதெல்லாம் இரண்டு விடைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. நாளாந்த அரசியலைத் தொட்ட மாத்திரத்தே கலை மாசுபடும் என்பர் ஒருசாரார். கருத்து முற்போக்கானதாயின் ஏனையவை தாமே வந்து பொருந்தும் என்பர் மறுசாரார். முதற் கூற்றை நாம் எத்தனையோ முறை மறுத்தாயிற்று. இரண்டாவது நமது வீட்டிலேயே வளர்ந்த பிள்ளையாதலின் அதனைக் கண்டிக்கத் தயங்குகின்றோம். இவ்விரண்டையும் ஒருங்கே உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற உரைகல்லாக விளங்குபவர், பாரிஸ் நகரில் நாற்பதாண்டு காலம் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் வரைந்து சீவித்த ஒனோரே டோமியே.

1808ஆம் ஆண்டு மார்செய் நகரிற் பிறந்த டோமியேயின் தந்தை சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. கவிஞராகும் ஆசையினாற் பாரிசுக்குப் போந்து வறுமையை மட்டும் சம்பாதித்தவர். மகன் சிறு வயதிலேயே வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. நம்மூர்ப் பிஸ்கால் கந்தோரையொத்த ஓரிடத்தில் ஏவலாளாகவும், பின்னர் ஒரு புத்தகக் கடையிலும் அவர் பணிபுரிந்தார். கடனாளியின் வீட்டுக்குக் கட்டளைப் பத்திரம் கொண்டுசெல்லும் பையன் காணும் முகங்களை எந்தச் சித்திரக் கல்லூரியும் காட்டுவதில்லை. வழக்கறிஞரையும் நீதவான்களையும் பிற்காலத்தில் அவர் வரைந்த விதத்தில் அந்தப் பழைய பரிச்சயம் தெரிகிறது.

அவர் கையாண்டது கல்லச்சுக் கலை. மெருகிட்ட சுண்ணக்கல்லின்மீது கொழுப்புச் சேர்ந்த கரிக்கோலால் வரைந்து, கல்லை நனைத்து மையுருட்டினால், கோடு மையைப் பற்றும். ஈரமான இடம் மையைத் தள்ளும். இடையில் வேறொருவர் செதுக்கவேண்டியதில்லை. காலையில் நடந்ததைச் சில நாள்களுள் ஆயிரக்கணக்கான தாள்களிற் பரப்புதற்கு இதனிலும் விரைவான வழி அக்காலத்தில் இருக்கவில்லை. 1830 யூலைப் புரட்சியிற் பாரிசின் தொழிலாளர் தெருக்களில் உயிர் கொடுத்தனர். பலனை வங்கிக்காரரும் பெருமுதலாளிகளும் கைப்பற்றி, லூயி பிலிப்பை அரியணையில் ஏற்றினர். அவ்வாண்டு நவம்பரில் ஷார்ல் பிலிப்போன் 'லா கரிக்கத்தூர்' என்னும் வார இதழைத் தொடங்கினார். 1832 டிசம்பரில் 'ஷாரிவாரி' நாளிதழும் அவராலேயே வெளிவந்தது. மன்னரின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறுவதை நீதிமன்றத்திலேயே வரைந்துகாட்டி, 'பேரிக்காயையும் தண்டிப்பீர்களா?' என்ற பொருள்பட வாதாடியவர் இவரே. பிரெஞ்சு வழக்கில் அச்சொல்லுக்கு மடையன் என்ற பொருளும் உண்டு.

டோமியே இக்குழுவிற் சேர்ந்த சிறிது காலத்துள், 1831 டிசம்பரில், 'கார்காந்துவா' என்ற சித்திரத்தை வெளியிட்டார். பேரிக்காய்த் தலையுடைய பேருருவம் ஒன்று அமர்ந்திருக்கிறது. ஏழைகள் கூடை கூடையாகச் சுமக்கும் பணம் அதன் வாய்க்குள் போகிறது. கீழே பட்டங்களும் சலுகைகளும் கழிவாக விழுகின்றன. இதற்காக 6 மாதச் சிறையும் 500 பிராங் அபராதமும் விதிக்கப்பட்டன. ஆயினும் இச்சித்திரம் கோபத்தால் மட்டும் நிமிர்ந்து நிற்பது. கலைஞரை இதிலே தேடவேண்டியதில்லை.

அவர் தொழில் செய்த முறை ஆராயத்தக்கது. பிரதிநிதிகள் சபையின் உறுப்பினரை அவதானித்துவிட்டு வந்து, நினைவிலிருந்தே அவர்தம் தலைகளைக் களிமண்ணிற் பிடித்தார். சுடாது வர்ணம் பூசிய இச்சிறு உருவங்களுள் 36 பாரிசின் ஓர்சே அரும்பொருளகத்தில் உள்ளன. தொங்கும் தாடையும் இடுங்கிய கண்ணும் முதலில் விரலுக்குப் பழகின. பிறகே கோட்டுக்கு வந்தன. அவருடைய கேலி மூக்கை நீட்டுவதோடு அமையாது ஒரு மனிதனின் எடையையும் இருக்கையையும் நமக்கு உணர்த்துவதன் இரகசியம் இதுவே. முன்னால் ஆளை நிறுத்திவைத்து வரையும் வழக்கம் அவரிடம் இல்லை. கண்டதை நினைவு சலித்துத் தரும்வரை பொறுத்திருந்து, இதழ் வெளிவரும் நாள் நெருங்கியதும் பல கற்களில் ஒருங்கே வரைந்து முடிப்பார். தேய்ந்த கரிக்கோல் துண்டுகளையே அவர் விரும்பிக் கையாண்டதைக் கவிஞர் பன்வில் தமது நினைவுக் குறிப்புக்களில் எழுதியுள்ளார்.

இனி, சித்திரத்துக்குக் கீழே வரும் எழுத்து. டோமியேயின் கேலிச்சித்திரங்களின் கீழுள்ள வாசகங்களுட் பெரும்பாலானவை அவர் எழுதியவையல்ல. பிலிப்போனும் இதழின் எழுத்தாளர் சிலருமே அவற்றை ஆக்கினர். சித்திரம் தானாக ஒன்றும் சொல்லாவிடின் அது கெட்ட சித்திரம், வாசகம் அதனைத் திருத்தாது. நல்லதாயின் வாசகம் எதற்கு என்ற கருத்து அவருடையதாக வழங்கிவருகிறது. 1857இற் பிரெஞ்சுக் கேலிச்சித்திரக்காரரைப் பற்றிக் கட்டுரை எழுதிய பொதலேரும், வாசகத்தை நீக்கிவிட்டாலும் டோமியேயின் சித்திரம் தெளிவாக நிற்கும் என்றும், கவார்னியின் சித்திரம் அவ்வாறன்று என்றும் வேறுபடுத்திக் காட்டினார். எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது சற்றுக் கசக்கும் கூற்றேயாம்.

இதன் உண்மையைக் காண ஒரே ஒரு சித்திரம் போதும். 1834 ஏப்ரலில் லியோன் நகரின் பட்டு நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி பாரிசுக்கும் பரவிற்று. திரான்ஸ்நொனேன் வீதியில், ஒரு வீட்டிலிருந்து சுட்டார்கள் என்று கூறிப் படையினர் உட்புகுந்து, அங்கு குடியிருந்தோரைக் கொன்றனர். டோமியே துப்பாக்கியை வரையவில்லை. படைவீரனை வரையவில்லை. கொலை முடிந்த பின்னரான ஓர் அறையை வரைந்தார். கலைந்த படுக்கையோரம் இராச்சட்டையும் தொப்பியுமாக ஒரு மனிதன் சரிந்து கிடக்கிறான். அவனுடைய உடலின் கீழே நசுங்கி ஒரு குழந்தை. இடப்புற இருளில் ஒரு பெண்ணின் உடல், வலப்புற ஓரத்தில் ஒரு முதியவரின் தலை. கவிழ்ந்த நாற்காலி ஒன்று. வெளிச்சம் முழுவதும் அந்த வெண்சட்டையின்மீது விழுகிறது. கேலி இல்லை; சாபம் இல்லை; ஆட்சியாளரின் பெயர்தானும் இல்லை. கீழேயுள்ள வாசகம் இவ்வளவே: வீதியின் பெயர், 1834 ஏப்ரல் 15 என்ற திகதி. ஒரு முகவரியும் ஒரு நாளும் போதுமாயிருந்தன. பத்திரிகைகளின் அபராதத்தைச் செலுத்துவதற்கென்று பிலிப்போன் நடத்திய மாதாந்தச் சந்தா வெளியீட்டில் இது வந்தது. அரசு கல்லையும் கிடைத்த பிரதிகளையும் கைப்பற்றியது. 1830ஆம் ஆண்டுப் புரட்சியை வருடங்களின் அட்டவணையாக மனனஞ் செய்யும் நம் மாணவருக்கு இப்படம் ஒன்றைக் காட்டினால், அவ்வாட்சியின் தன்மை ஒரு பாடவேளைக்குள் விளங்கிவிடும்.

அதே ஆண்டு வந்த மற்றொரு சித்திரத்தில் அச்சுத் தொழிலாளி ஒருவன் கைமுட்டிகளை இறுக்கி நடுவே நிற்கிறான். ஒருபுறம் குடையோடு லூயி பிலிப். மறுபுறம் விழுந்துகிடக்கும் பழைய மன்னர் பத்தாம் சார்ல்ஸ். 'பத்திரிகைச் சுதந்திரம்' என்ற சொற்கள் அத்தொழிலாளியின் காலடி நிலத்தில் எழுதப்பட்டுள்ளன. இங்கே எழுத்து விளக்கவுரையன்று. அவன் ஊன்றி நிற்கும் தரை.

சித்திரத்தின் வலிமையைக் கலை விமர்சகருக்கு முன்னரே கண்டுகொண்டது அரசாங்கம். 1835 யூலையில் மன்னரைக் கொல்ல நடந்த முயற்சியைச் சாட்டாக வைத்துச் செப்டெம்பரிற் புதிய சட்டங்கள் வந்தன. அச்சிட்ட கருத்துக்கு முன்தணிக்கை இல்லையென்று 1830ஆம் ஆண்டு அரசியற் சாசனம் உறுதியளித்திருந்தது. ஆனாற் சித்திரம் கருத்தன்று, கண்ணை நோக்கிச் செய்யப்படும் ஒரு செயல் என்று வாதித்துப் படத்துக்கு மட்டும் முன்தணிக்கையை விதித்தனர். கட்டுரையாளனை அச்சிட்ட பின்னர் தண்டிக்கலாம். எழுத்தறியாதவனும் படித்துவிடும் சித்திரத்தையோ அச்சேறு முன்னரே நிறுத்தவேண்டும்.

அரசியற் கேலி அடைபட்டதும் டோமியே சமுதாயக் கேலிக்குத் திரும்பினார். 1836 முதல் வந்த 'ரொபேர் மக்கேர்' வரிசையில் ஒரே எத்தன் வங்கியதிபனாக, வழக்கறிஞனாக, வைத்தியனாக, பங்குக் கம்பனி நடத்துபவனாக வேடமிட்டு வருகிறான். மேடையில் ஏற்கெனவே பெயர்பெற்ற பாத்திரம் அது. நீண்ட வாசகங்கள் பிலிப்போனுடையவை. மன்னர் என்ற தனியாளைத் தொடத் தடைவிதித்த சட்டம், அம்மன்னரைத் தாங்கிய வர்க்கத்தின் பக்கம் கலைஞரைத் திருப்பிவிட்டது. தணிக்கையாளர் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்!

அவரை முழுமையாகப் புகழ்ந்துவிட்டுப் போவதும் நேர்மையன்று. 1844இல் எழுதும் பெண்களையும், 1849இற் சமதர்மம் பேசிய பெண்களையும் அவர் எள்ளி நகையாடிய வரிசைகள் உண்டு. மனைவி நூலெழுத அமர்ந்தால் குழந்தை தொட்டியில் விழும் என்ற அளவிலான நகைச்சுவை அது. அங்கே சித்திரம் கண்டு சொன்னது குறைவு. 'ஷாரிவாரி' வாசகரான நடுத்தர வர்க்க ஆடவரின் அச்சத்தையே அது எதிரொலித்தது. குடியரசுவாதியான கலைஞரின் கண்ணும் தன் வீட்டு வாசலில் மங்கியது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. சலவைக் கூடையோடு குழந்தையின் கைபிடித்து நதிக்கரைப் படியேறும் பெண்ணைப் பின்னாளில் அவர் தீட்டிய ஓவியம், அவ்வரிசைகளுக்கு அவரே கூறிய மறுப்பாக எனக்குத் தோன்றுவதுண்டு.

மூன்றாம் நெப்போலியன் 'பேரரசு என்றால் அமைதி' என்று 1852இல் முழங்கினார். 1870இற் புருசியாவுடனான போரில் அப்பேரரசு சரிந்தபொழுது, எரிந்த வீடுகளையும் பிணங்களையும் வரைந்து, அதன் கீழே அந்த முழக்கத்தையே வாசகமாக இட்டு 'ஷாரிவாரி'யில் வெளியிட்டார் டோமியே. அதே 1870இல், பேரரசு வீழுமுன், அரசு அளிக்க முன்வந்த கௌரவ விருதை மறுத்தவரும் அவரே. மறுப்பை ஒரு பிரகடனமாகவும் ஆக்கிக்கொள்ளவில்லை.

நாலாயிரம் அளவிலான கல்லச்சுச் சித்திரங்களை அவர் ஆக்கினார். இவற்றுக்கிடையே, யாரும் கேளாமல், வாசகம் எதுவுமின்றி, மூன்றாம் வகுப்புப் புகைவண்டியில் நெருங்கியிருக்கும் ஏழைகளையும், டொன் கிஹோத்தேயையும் வர்ணத்தில் தீட்டிவந்தார். 1878இல் நண்பர்கள் பாரிசில் துரான்-ருவெல் காட்சிக்கூடத்தில் அவ்வோவியங்களைக் காட்சிக்கு வைத்தனர். விக்தோர் ஹியூகோ கௌரவத் தலைவர். நாற்பதாண்டு அவருடைய படங்களைப் பார்த்துச் சிரித்த நகரத்திலிருந்து சிலரே வந்தனர். செலவுப் பணமும் தேறவில்லை. கண்பார்வை மங்கிய டோமியே அப்போது வல்மொந்துவா கிராமத்தில், ஓவியர் கொரோ உதவியமைத்த வீட்டில் இருந்தார். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அங்கேயே காலமானார்.